ஒரு கல்லில் இரு குரல்: மால்ட்டாவின் பினீசியக் காணிக்கைக் கல்வெட்டு – ஒரு மீள்பார்வை

முன்னுரை

கல்வெட்டு ஒன்றைப் படித்துவிட்டோம் எனக் கூறுவதற்கு இரு பொருள் உண்டு. எழுத்துகளை இனங்கண்டு சொற்களைப் பிரித்துவிட்டோம் என்பது ஒன்று. எழுதுவித்தவரின் உள்ளக் கருத்தை உணர்ந்துவிட்டோம் என்பது மற்றொன்று. முன்னது நிறைவேறிய பின்னும் பின்னது நெடுங்காலம் நிறைவேறாது நிற்பதுண்டு. இதற்குத் தக்க சான்று, மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே உள்ள மால்ட்டாத் தீவில் கிடைத்த ஒரு காணிக்கைக் கல்வெட்டாகும். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, பினீசியம், கிரேக்கம் என்னும் இரு மொழிகளில் பொறிக்கப்பெற்றது. வழக்கொழிந்த பினீசிய எழுத்தை அறிஞர் மீண்டும் படிக்கப் பெருந்துணை புரிந்தது இக்கல்வெட்டே. ஆயினும், கிரேக்கத்தின் துணைகொண்டு படிக்கப்பெற்ற காரணத்தாலேயே, பினீசிய வாசகம் கிரேக்க வாசகத்தின் மறுபடி என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து மீண்டும் படிப்போர்க்கு அவ்வெண்ணம் நில்லாது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினீசியரும் அவர்தம் எழுத்தும்

இன்றைய லெபனான் நாட்டுக் கடற்கரையில் ஸூர், ஸைதா, ஜுபைல் முதலிய நகரங்களை அமைத்து வாழ்ந்த வணிக மக்களைக் கிரேக்கர் பினீசியர் என அழைத்தனர். மேலை நாட்டார் தைர் என வழங்கும் நகரமே ஸூர். தேவதாரு மரமும் செந்நீலச் சாயமும் கொண்டு வாணிகம் செய்த இம்மக்கள், மத்தியதரைக் கடலின் மேலைக் கரை வரை குடியேற்றங்களை நிறுவினர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ். மால்ட்டாவும் அவர்தம் கடல்வழியில் அமைந்த ஒரு தங்குமிடமாகும்.

இவர்கள் கையாண்ட எழுத்துகள் 22. யாவும் மெய்யெழுத்துகளே, வலமிருந்து இடமாக எழுதப்படுவன. இவ்வெழுத்தைக் கடன்கொண்டு உயிரொலிகளுக்கும் குறிகள் அமைத்துக்கொண்டனர் கிரேக்கர். அதன் வழியே உரோமன் எழுத்துப் பிறந்தது. மறுபுறம், இதே எழுத்திலிருந்து அரமேய எழுத்தும், அதன் வழியில் நபத்தேய எழுத்தும், அதனின்று அரபு எழுத்தும் கிளைத்தன. உலகின் பெரும்பகுதி மக்கள் எழுதும் எழுத்துகளுக்கு மூலத்தைத் தந்த இவர்களின் சொந்த நூல்களோ நமக்குக் கிடைத்தில. பாப்பிரஸ் தாளில் எழுதிய ஏடுகள் அழிந்தன. எனவே பினீசியரைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி கிரேக்கர், உரோமர், எபிரேயர் ஆகியோர் எழுதி வைத்தவையே. அவ்வெழுத்தாளருட் பலர் அவர்க்கு வணிகப் போட்டியாளர். சிலர் போர்ப் பகைவர். தம்மைப் பற்றித் தாமே பேசும் பினீசியரின் குரலைக் கேட்க வேண்டுமாயின் கல்வெட்டுகளையே நாட வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை சின்னஞ்சிறு நேர்ச்சை வாசகங்களும் கல்லறை வாசகங்களுமே. ஆதலின் ஒவ்வொரு சொல்லும் மதிப்புடையது.

தூண்களின் வரலாறு

ஈண்டு நாம் காணும் கல்வெட்டு ஒரே வகையான இரண்டு பளிங்குச் சிறுதூண்களின் பீடங்களில் உள்ளது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் உடையது. எழுத்துப் பொறித்த பீடத்தின்மேல், அகாந்தஸ் இலைகள் சூழச் செதுக்கிய தண்டு எழுகிறது. கோயிலில் காணிக்கைப் பொருளாக நிறுத்தப்பட்டவை இவை. இரட்டைத் தூண்களை நிறுவுதல் அவ்வழிபாட்டிற்குப் புதிதன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஸூர் நகருக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு, அங்கிருந்த கோயிலில் பொன்னாலும் மரகதத்தாலும் ஆகிய இரு தூண்களைக் கண்டதாகக் குறித்துள்ளார்.

மால்ட்டாத் தூண்கள் கி.பி. 17ஆம் நூற்றாண்டில் அறிஞர் கவனத்திற்கு வந்தன. 1694இல் இக்னாசியோ தி கோஸ்தான்சோ என்னும் மால்ட்டாச் சமயகுரு, அவற்றில் உள்ள அறியாத எழுத்துப் பினீசியமாகலாம் எனக் கருதினார். 1782இல் அத்தீவை ஆண்ட புனித யோவான் சபையின் பெருந்தலைவர் இம்மானுவேல் தெ ரோகான், இரு தூண்களுள் ஒன்றைப் பிரெஞ்சு மன்னர் 16ஆம் லூயிக்குப் பரிசாக அனுப்பினார். அது இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றது மால்ட்டாத் தலைநகர் வல்லெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. உடன்பிறந்தார் இருவர் இணையாக நிறுத்திய தூண்கள் இங்ஙனம் இரு நாடுகளில் பிரிந்து நிற்கின்றன.

பெயர்கள் திறந்த பூட்டு

இவ்வெழுத்தைப் படித்தவர் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் பார்த்தெலெமி. அரச நாணயக் கருவூலத்தின் காப்பாளராய் இருந்த அவர், 1754இல் பல்மீரா நகரின் எழுத்தைப் படித்துக் காட்டியிருந்தார். 1758இல் பினீசியம் பற்றிய தம் முடிவுகளைப் பாரிசின் கல்வெட்டுக் கழகத்தில் வழங்கினார்.

அவர் கையாண்ட நெறி எளியது; ஆயினும் திண்ணியது. கிரேக்க வாசகத்தை யாவரும் படிக்க இயலும். அதில் ஹெராக்ளீஸ் என்னும் தெய்வப் பெயர் உள்ளது. ஸூர் நகரத்தார் மெல்கார்த் என அழைத்த தெய்வத்தையே கிரேக்கர் ஹெராக்ளீஸ் என்றனர் என்பது பழைய நூல்களால் அறியப்பட்ட செய்தி. எனவே பினீசிய வாசகத்தில் மெல்கார்த் என்னும் பெயரும் ஸூர் என்னும் பெயரும் இருத்தல் வேண்டும் என அவர் கருதினார். மேலும், கிரேக்க வாசகத்தில் தந்தைக்கும் மைந்தருள் ஒருவனுக்கும் ஒரே பெயர். ஆகவே பினீசிய வாசகத்திலும் ஒரு பெயர் இரு முறை வருதல் வேண்டும். வந்தது. ஒரு பெயரால் கிடைத்த எழுத்துகள் அடுத்த சொல்லைத் திறந்தன. அச்சொல் மேலும் சில எழுத்துகளைத் தந்தது. எபிரேய, சிரிய மொழி அறிவு பொருள் காண உதவியது.

அவர் சில எழுத்துகளைப் பிறழக் கொண்டார். பின்வந்தோர் அவற்றைத் திருத்தினர். ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கெசேனியுஸ் 1837இல் வெளியிட்ட பினீசிய எழுத்து, மொழிச் சான்றுகளின் தொகுதி அத்திருத்தங்களுக்கு உறுதியான அடிப்படை அமைத்தது. 1881 முதல் பாரிசில் வெளிவந்த செமித்தியக் கல்வெட்டுத் தொகுதியில் இது 122ஆம் எண்ணைப் பெற்றது. இன்று எழுத்துகளில் ஐயமில்லை. பொருளை நோக்குவோம்.

இரு வாசகங்கள்

கிரேக்க வாசகம் 3 வரிகளில் அமைந்தது. அதன் பொருள்:

"தியொனீசியோசும் சராப்பியோனும், சராப்பியோனின் மக்கள், தைர் நகரத்தார், முதல்வனாகிய ஹெராக்ளீசுக்கு."

பினீசிய வாசகம் 4 வரிகளில் அமைந்தது. அதன் பொருள்:

"எம் தலைவனுக்கு, ஸூர் நகரின் உடையவனாகிய மெல்கார்த்துக்கு, உன் அடியான் அப்தோசிரும் அவன் உடன்பிறந்தான் ஒசிர்ஷமரும், அப்தோசிரின் மகனாகிய ஒசிர்ஷமரின் மக்கள் இருவர், நேர்ந்தது இது. அவன் அவர்தம் குரலைக் கேட்டமையால். அவன் அவர்க்கு அருள் புரிவானாக."

ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பா? வேறுபாடுகளை நிரல்படக் காண்போம்.

முதலாவது, தொடக்கம். கிரேக்கம் காணிக்கை தந்தோரின் பெயரை முதலில் வைத்துத் தெய்வத்தின் பெயரை இறுதியில் வைக்கிறது. பினீசியம் தெய்வத்தின் பெயரை முதலில் வைத்து, அதன்முன் தம்மை அடியாராகக் குறிக்கிறது.

இரண்டாவது, பெயர்கள். அப்தோசிர் என்பதற்கு 'ஒசிரிசின் அடியான்' என்பது பொருள். ஒசிரிஸ் எகிப்தியத் தெய்வம். கிரேக்கர் அதனைத் தம் தியொனீசசுடன் ஒன்றாகக் கருதினர். ஆதலின் அப்தோசிர், கிரேக்கருக்குத் தியொனீசியோஸ் ஆனான். ஒசிர்ஷமர் என்பதற்கு 'ஒசிரிஸ் காத்தது' என்பது பொருள். ஒசிரிசையும் ஆப்பிஸ் என்னும் எருதுத் தெய்வத்தையும் இணைத்துத் தாலமி மன்னர் காலத்தில் தோன்றிய தெய்வம் சராப்பிஸ். ஆதலின் ஒசிர்ஷமர், சராப்பியோன் ஆனான். பெயர்கள் மனம்போனவாறு மாற்றப்படவில்லை, பொருளறிந்து மாற்றப்பட்டன. வீட்டில் ஒரு பெயரும் அங்காடியில் ஒரு பெயருமாக இச்சகோதரர் வாழ்ந்தனர் எனலாம்.

மூன்றாவது, பாட்டன். பினீசிய வாசகம் மூன்று தலைமுறைகளைக் கூறுகிறது. பாட்டன் அப்தோசிர், தந்தை ஒசிர்ஷமர், மைந்தர் அப்தோசிரும் ஒசிர்ஷமரும். முதற்பெயரன் பாட்டன் பெயரைத் தாங்குகிறான். 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ என அறிந்த தமிழ் மாணவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். கிரேக்க வாசகத்தில் பாட்டன் இல்லை. ஆகவே மூத்தவனுக்கு அப்பெயர் வந்த காரணமும் அங்கு மறைந்துவிட்டது.

நான்காவது, ஊர். ஸூர் நகரத்தின் பெயர் இரு வாசகங்களிலும் உள்ளது. ஆனால் இடம் மாறியுள்ளது. கிரேக்கத்தில் அது மனிதர்க்கு அடை: 'தைர் நகரத்தார்'. பினீசியத்தில் அது தெய்வத்திற்கு அடை: 'ஸூர் நகரின் உடையவன்'. கிரேக்கம் படிக்கும் அயலார்க்கு, இவர் எவ்வூரார் என்பது தெரிதல் வேண்டும். தம் மொழி படிக்கும் தம்மவர்க்கு அது கூறவேண்டாதது. அவர்க்குக் கூறவேண்டியது, கடல் கடந்து வந்த இடத்திலும் தாம் வணங்குவது தம் ஊர்த் தெய்வத்தையே என்பது.

ஐந்தாவதும் தலையாயதும் வினை. கிரேக்க வாசகத்தில் வினைமுற்று ஒன்றுகூட இல்லை. யார், யாருக்கு என்பதோடு அது நின்றுவிடுகிறது. நேர்ந்தனர், கேட்டான், அருள்வானாக என்னும் மூன்று வினைகளும் பினீசியத்தில் மட்டுமே உள்ளன. அதாவது, இத்தூண்கள் ஏன் நிறுத்தப்பட்டன என்னும் வினாவுக்கு விடை கிரேக்கத்தில் இல்லை.

ஆகவே கிரேக்க வாசகம் திறவுகோலாய் உதவியது உண்மையே. ஆனால் திறவுகோலில் இல்லாதன பல திறந்த வீட்டினுள் இருந்தன. கிரேக்க வாசகம் மட்டும் எஞ்சியிருப்பின், இவர்களைக் கிரேக்கப் பெயர் கொண்ட இரு வணிகர் என்றே கருதியிருப்போம். அவர்தம் பாட்டனும், நேர்ச்சையும், கேட்கப்பட்ட குரலும் நம்மை எட்டியிரா.

அரபி அறிந்தார்க்கு அணுக்கமான சொற்கள்

பினீசியமும் அரபியும் செமித்தியக் குடும்பத்து மொழிகள். எனவே இக்கல்வெட்டின் சொற்கள் பல, அரபி கற்கும் நம் மாணவர்க்கு அயலானவையல்ல.

'நேர்ந்தான்' என்பதைக் குறிக்கும் மூன்று மெய்களும் நேர்ச்சையைக் குறிக்கும் 'நத்ர்' என்னும் அரபிச் சொல்லில் உள்ளவையே. 'அடியான்' என்பதற்குரிய சொல் 'அப்து'. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்னும் பெயர்களில் நாம் நாளும் கேட்பது. உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல் 'அக்' என்பதோடும், மகனைக் குறிக்கும் சொல் 'இப்னு', 'பின்' என்பவற்றோடும் ஒன்றுபடும். 'அருள்வானாக' என்னும் வினை, 'பரக்கத்' என்னும் சொல்லின் வேரினது. குரலைக் குறிக்கும் சொல், அரபியில் கூற்றைக் குறிக்கும் 'கவ்ல்' என்பதன் இனம். 'கேட்டான்' என்னும் வினை 'ஸமிஅ'. தொழுகையில் குனிந்து நிமிரும்போது கூறும் தொடரின் முதற்சொல் இதுவேயாகும். மெல்கார்த் என்பது 'மெல்க்', 'கர்த்' என்னும் இரு சொற்களின் புணர்ப்பு. 'நகரத்தின் அரசன்' என்பது பொருள். முன்னது அரபியின் 'மலிக்'. பின்னது 'கர்யா' என்பதன் உறவு. கார்த்தேஜ் என்பதும் 'கர்த் ஹதஷ்த்', அதாவது 'புதுநகர்' என்பதன் திரிபே. 'உடையவன்' என்னும் பொருளில் வரும் 'பஅல்' என்னும் சொல், திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில், நபி இல்யாஸ் (அலை) அவர்கள் தம் மக்களை எந்த வழிபாட்டினின்று விலக்க முனைந்தார்களோ அத்தெய்வத்தின் பெயராக இடம்பெறுகிறது.

அவ்வழிபாடு நம்முடையதன்று, நாம் ஏற்பதுமன்று. ஆயினும் சொற்களின் உறவு வரலாற்று உண்மை. ஓரிறைக் கொள்கை எத்தகைய சூழலை எதிர்த்து நின்றது என்பதை அறியவும் இக்கல்வெட்டுகள் உதவுகின்றன. அடியான், நேர்ச்சை, கேட்டல், அருள் என்னும் சொற்கள் அன்றே வழக்கில் இருந்தன. அவை யாரை நோக்கி உரியன என்பதே பின்னர் மாறியது.

மால்ட்டாவில் இன்று பேசப்படும் மொழியும் செமித்திய மொழியே. அது பினீசியத்தின் வழிவந்தது என ஒரு காலத்தில் சிலர் கருதினர். அது சிசிலியில் வழங்கிய அரபியிலிருந்து கிளைத்தது என்பதே இன்று அறிஞர் ஏற்கும் முடிவு. உரோமன் எழுத்தில் எழுதப்படும் அம்மொழியிலும் 'கேட்டான்' என்பதும் 'அருள்' என்பதும் இதே வேர்களிலிருந்து வருகின்றன.

ஒரு சொல், இரு பொருள்

மீள்வாசிப்புக்கு இன்னும் இடமளிப்பது இறுதித் தொடர். பினீசியத்தில் உயிர்க்குறி இல்லாமையால், ஒரே எழுத்துத் தொடரைப் பலவாறு ஒலிக்கலாம். புள்ளி இடாத ஓலைச்சுவடியைப் படிப்போர், ஓரெழுத்து மெய்யா உயிர்மெய்யா என இடம் நோக்கித் தெளிவது போன்ற நிலை இது. 'நேர்ந்தான்' என்பதும் 'நேர்ந்தனர்' என்பதும் எழுத்தில் ஒன்றே. அங்ஙனமே, 'கேட்டமையால்' என நாம் மேலே பெயர்த்த தொடரின் முதலிலுள்ள இடைச்சொல் காரணத்தையும் காலத்தையும் குறிக்க வல்லது. 'அவன் குரலைக் கேட்டமையால்' எனின், வேண்டியது கிட்டிய பின் செலுத்திய நன்றி. 'அவன் குரலைக் கேட்கும்போது அருள்வானாக' எனின், இனி வேண்டி நிற்கும் விண்ணப்பம். நன்றியா, விண்ணப்பமா என்பதில் அச்சகோதரரின் வாழ்வே வேறுபடுகிறது.

முன்னதே பொருத்தமுடையது எனத் தோன்றுகிறது. நேர்ச்சை என்பது, வேண்டியது நிறைவேறின் தருவேன் என்னும் உறுதிமொழி. தூண் நிறுத்தப்பட்டது என்பதே உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது என்பதற்குச் சான்று. கார்த்தேஜில் கிடைத்துள்ள ஆயிரக்கணக்கான நேர்ச்சைக் கற்களிலும் இத்தகைய முடிவே வருகிறது. அவற்றுட் பல, 'அவன் குரலைக் கேட்டமையால் அவனுக்கு அருளினான்' எனப் பொருள்படுமாறு அமைந்துள்ளன. கேட்டது முன்னர் நிகழ்ந்தது. அருள்வானாக என்பது பின்னும் தொடர வேண்டுவது. நன்றியும் விண்ணப்பமும் இவ்வாறு ஒரு தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'உன் அடியான்' என முன்னிலையில் விளித்த வாசகம், 'அவன் கேட்டமையால்' எனப் படர்க்கைக்கு மாறுகிறது. அரபி அணியியலார் இத்தகைய இடமாற்றத்தை 'இல்திஃபாத்' என்பர். தமிழிலக்கணம் இடவழுவமைதி கூறும். தெய்வத்தை நோக்கிப் பேசத் தொடங்கியவர், இறுதியில் கல்லின்முன் நின்று படிப்போரை நோக்கிப் பேசுகின்றனர் எனக் கொள்ளலாம். அவர்தம் குரல் கேட்கப்பட்டது என்பதற்கு நாமே சாட்சியாக்கப்படுகிறோம்.

நிறைவுரை

இத்தூண்கள் நிறுத்தப்பட்ட காலத்தை எண்ணுக. கி.மு. 332இல் ஸூர் அலெக்சாந்தரிடம் வீழ்ந்தது. கி.மு. 218இல் மால்ட்டா உரோமர் கைக்குச் சென்றது. கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிக்கப்பட்டது. பினீசியரின் உலகம் சுருங்கிக்கொண்டிருந்த நூற்றாண்டில், உரோமர் ஆண்ட தீவில், கிரேக்கப் பாணியில் செதுக்கிய பளிங்கில், எகிப்தியத் தெய்வப் பெயர் தாங்கிய இருவர், தம் தாய்மொழியில் தம் ஊர்த் தெய்வத்திடம் பேசினர். உலகுக்குச் சொல்ல வேண்டியதைக் கிரேக்கத்தில் சுருக்கமாகச் சொன்னார்கள். உள்ளத்திலிருந்து சொல்ல வேண்டியதைத் தம் மொழிக்கென வைத்துக்கொண்டார்கள். வலிய மொழியொன்றின் நிழலில் வாழும் சிறு மொழி எதற்குப் பயன்படும் என வினவுவோர்க்கு இக்கல் தரும் விடை இதுவே.

கல்வெட்டியல் முடிந்துபோன துறையன்று. 1758இல் படிக்கப்பட்ட வாசகத்தை மீண்டும் படிக்கின் புதிய பொருள் தோன்றுகிறது. அதற்கு வேண்டுவன பொறுமையும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழியறிவும். தமிழும் அரபியும் ஒருங்கே கற்கும் வாய்ப்புப் பெற்ற நம் கல்லூரி மாணவர் கையில் அத்தகைய திறவுகோல் ஒன்று ஏற்கெனவே உள்ளது. மதரசாவில் கற்ற ஒரு வினைச்சொல், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்லைப் படிக்கத் துணையாகும் என்பதை அவர் உணர்தல் வேண்டும். உணர்ந்து இத்துறையில் ஒருவரேனும் ஈடுபடின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.